நிமிடத்துக்கு நாற்பது சொல்

நிலம் அளக்கிறவனுக்கு டைப்பிங் வேகம் எதற்கு?

மலேசியாவின் ஜுருவில் தன் அலுவலகத்தில், மத்தியான இடைவேளையில், சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே பிரஷாந்தி இந்தக் கேள்வியைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தாள்.

கார் உதிரிபாகம் செய்யும் அந்தத் தொழிற்சாலையில் அவள் ஆள் எடுக்கும் பிரிவில் இருக்கிறாள். வெல்டர் வேலைக்கு வருகிறவனை இரண்டு தகட்டை ஒட்டச் சொல்வார்கள். ஃபோர்க்லிஃப்ட் ஓட்ட வருகிறவனை ஒரு பெட்டியைத் தூக்கி அலமாரியில் வைக்கச் சொல்வார்கள். யாரிடம் என்ன வேலை வாங்கப் போகிறோமோ அதைத்தான் சோதிப்போம். அவள் தொழிலின் அரிச்சுவடி அது.

அவள் தம்பி ஸ்ரீகரனைப் புதிதாக வேலைக்கு எடுத்தவர்கள் ஒன்றே ஒன்றைத்தான் சோதித்தார்கள். நிமிடத்துக்கு எத்தனை ஆங்கிலச் சொல் அடிப்பாய்? நாற்பது வந்தது. சரி, கிளம்பி வா என்றுவிட்டார்கள்.

ஸ்ரீகரன் சர்வே டெக்னீஷியன். பினாங்கு டவுனில் ஹைதர் என்பவரின் சர்வே அலுவலகத்தில் ஐந்து வருடம் இருந்தான். பெரிய ஒப்பந்தம் ஒன்று முடிந்ததும் அவனையும் கூட்டாளி வாசுவையும் அனுப்பிவிட்டார்கள். அதற்குப் பிறகு அந்த வீடு எப்படி இருந்தது என்று தொடர்ந்து படித்து வருகிறவர்களுக்குத் தெரியும். அவன் அறையைவிட்டு வெளியே வரவில்லை. அம்மா தவமணி சாப்பாட்டுத் தட்டைக் கதவோரம் வைத்துவிட்டுப் போவாள். போன வாரம்தான் சிரித்த முகத்தோடு வெளியே வந்து, "கிளந்தான்ல வேல. மாசம் ஒன்பதாயிரம் வெள்ளி" என்றான். அதே கம்பெனிக்கு வாசு முன்னாலேயே போயிருந்தான்.

ஸ்ரீகரனை ஏற்றிக்கொள்ளப் பட்டர்வொர்த்துக்கு இன்று சாயங்காலம் வேன் வருகிறது.

பிரஷாந்தி போனை எடுத்தாள்.

"சாப்பிட்டியா ஸ்ரீ?"

"இதக் கேக்கவா கூப்பிட்ட? பேக் கட்டிக்கிட்டு இருக்கேன்க்கா."

"ஒண்ணே ஒண்ணு சொல்லு. ஹைதர் உன்ன வேலைக்கு எடுத்தப்ப என்ன டெஸ்ட் வெச்சாரு?"

"அவரா? ஆபீஸ் பின்னாடி ஒரு மேடு இருக்குல்ல, அங்க கூட்டிட்டுப் போனாரு. தரையில ஒரு ஆணி. அதுக்கு நேர் மேல ட்ரைபாட நிறுத்தி, மிஷின ஏத்தி, மட்டம் பண்ணிக் காட்டுன்னாரு. மழ வேற தூறுச்சு. ஏன்?"

"டைப்பிங் கேட்டாரா?"

"அவரே ரெண்டு வெரல்லதான் அடிப்பாரு."

"அப்ப இவங்க ஏன் அத மட்டும் கேக்குறாங்க?"

"ரிப்போர்ட் அடிக்கணும்லா! எல்லாமே கம்ப்யூட்டர் இப்ப. உன் பேக்டரி மூளைய இங்க கொண்டாராத."

"அளக்கத் தெரியுமான்னு ஒரு வார்த்த கேக்கலியே."

"சர்ட்டிபிகேட் அனுப்புனேன், பாத்தாங்க. வாசு அங்கதான் இருக்கான். தெனம் மெசேஜ் போடுறான், சீக்கிரம் வாடான்னு. இன்னும் ஒனக்கு என்ன வேணும்?"

"ஒன்பதாயிரம் ஏன் தராங்கன்னு தெரியணும்."

"எந்தம்பிக்கு அந்தத் தகுதி இருக்குன்னு ஒரு தடவயாச்சும் உன் வாயில வருதா பாரு!"

வைத்துவிட்டான். அது அவளைச் சுட்டது. பொறாமை என்று நினைத்துவிட்டானோ? ஆனால் கேள்வி அப்படியேதான் இருந்தது.

சம்பளம் எப்படி ஏறுகிறது, எப்படி இறங்குகிறது என்பது பிரஷாந்திக்குப் பிடித்த விஷயம். தம்பிக்காக இந்த வாரம் முழுக்கப் பல ஊர்களில் இதே வேலை பார்க்கும் தோழிகளிடம் விசாரித்திருந்தாள்.

பினாங்கில் ஐந்து வருட அனுபவம் உள்ள டெக்னீஷியனுக்கு மூவாயிரம் வெள்ளி கிடைப்பதே கஷ்டம். படித்து வருகிறவர்கள் அதிகம், அலுவலகங்கள் குறைவு, அம்மா சமையலை விட்டு யாரும் வெளியூர் போவதும் இல்லை. ஜொகூரில் இதே ஆளுக்கு ஆயிரம் கூடக் கிடைக்கும். காரணம், பாலத்துக்கு அந்தப் பக்கம் சிங்கப்பூர் ஆட்களை இழுக்கிறது. போகாமல் இருக்கிறவனைப் பிடித்து வைக்க முதலாளி கூடக் கொடுத்தாக வேண்டும். சரவாக்கில் இன்னும் கொஞ்சம் அதிகம். அங்கே படகில் போக வேண்டும், காட்டில் படுக்க வேண்டும், அட்டைக்கு ரத்தம் கொடுக்க வேண்டும். கிளந்தானிலோ பினாங்கைவிடக் குறைவு. கட்டட வேலை அங்கே அவ்வளவு இல்லை, வாடகையும் மலிவு.

ஒரே ட்ரைபாட், ஒரே மிஷின், ஒரே மழை. கூலி மட்டும் ஊருக்கு ஊர் வேறு. ஆனால் ஒவ்வொரு வித்தியாசத்துக்கும் அடியில் ஒரு காரணம் இருக்கும். ஆள் தட்டுப்பாடு, தூரம், ஆபத்து, வீட்டு வாடகை. கேட்டால் யாராவது சொல்லிவிடுவார்கள்.

இந்த ஒன்பதாயிரத்துக்கு மட்டும் ஒன்றும் பொருந்தவில்லை. தூரமா? காலையில் கிளம்பினால் பொழுது சாய்வதற்குள் போய்ச் சேரும் ஊர். ஆபத்தா? அப்படியானால் இன்சூரன்ஸ் பற்றி ஒரு வார்த்தை வந்திருக்கும். அபூர்வமான திறமையா? அப்படியானால் அதைச் சோதித்திருப்பார்கள்.

எல்லா ஊரையும்விடக் குறைவாகக் கொடுக்கும் ஊரில் எல்லா ஊரையும்விட அதிகமான சம்பளம். காரணம் இல்லாமல் இருக்காது. சொல்ல முடியாத காரணமாக இருக்க வேண்டும்.

அரைநாள் விடுப்பு சொல்லிவிட்டுக் காரை எடுத்தாள்.

முதலில் போனது புக்கிட் மெர்தாஜாமுக்கு, வாசுவின் வீட்டுக்கு.

வாசுவின் அம்மா வடிவம்மாள் அடுக்குமாடியின் தரைத் தளத்தில் தனியாக இருக்கிறார். காய்கிற துணிகளை ஒதுக்கிக்கொண்டு எட்டிப் பார்த்தார்.

"வாம்மா பிரஷாந்தி. என்னா இந்த வெயில்ல?"

"சும்மா இந்தப் பக்கம் வந்தேன் ஆன்ட்டி. வாசு பேசுனானா?"

"பேசல. எழுதுறான். தெனமும் எழுதுறான்." போனை எடுத்து நீட்டினார். "இன்னிக்கும் வந்திருக்கு. என்னா போட்டிருக்கான், படிச்சுச் சொல்லு."

*நல்லா இருக்கேன் அம்மா. சாப்பாடு நல்லா இருக்கு. கவலை வேணாம்.* ஆங்கில எழுத்தில் அடித்த தமிழ். பிரஷாந்தி விரலால் மேலே தள்ளினாள். நேற்றும் அதே வரி. அதற்கு முந்தின நாளும் அதே வரிதான், ஓர் எழுத்து மாறவில்லை.

"நீங்க படிக்கலியா ஆன்ட்டி?"

"எனக்கு எங்கம்மா படிக்கத் தெரியும்? பக்கத்து வீட்டுப் பொண்ணு வேல முடிஞ்சு வந்துதான் படிச்சுக் காட்டும்." வடிவம்மாள் சிரிக்கப் பார்த்தார். "முன்ன எல்லாம் வாய்ஸ்தான் அனுப்புவான். 'ஏய் கெழவி, தின்னியா'ன்னு ஆரம்பிப்பான் கழுத. இப்ப என்னடான்னா எழுதுறான். பெத்தவளுக்குப் படிக்க வராதுங்கிறதக் கூடவா மறந்துட்டான்?"

பிரஷாந்தி தலையைக் குனிந்துகொண்டாள். படிக்கத் தெரியாத தாய்க்கு மகன் ஏன் எழுதுகிறான்? வாய் திறந்து பேச அவனை விடவில்லை. இல்லையென்றால், எழுதுவது அவனே இல்லை. மூன்றாவதாக ஒரு பதில் அவளுக்குத் தோன்றவில்லை.

"ஏம்மா, மொகமே சரியில்ல?"

"ஒண்ணுமில்ல ஆன்ட்டி. நான் கேட்டுச் சொல்றேன். திரும்ப வருவேன், வீட்டுலயே இருங்க."

காருக்குள் உட்கார்ந்ததும் ஸ்ரீகரனுக்கு அடித்தாள். மணி போய்க்கொண்டே இருந்தது. அம்மாவுக்கு அடித்தாள். லைனே போகவில்லை. இரண்டு பேரும் தீவிலிருந்து வரும் ஃபெரியில் இருப்பார்கள். மகனை வழியனுப்பப் பட்டர்வொர்த் வரைக்கும் வருவேன் என்று காலையிலேயே தவமணி பிடிவாதமாகச் சொல்லியிருந்தாள்.

பட்டர்வொர்த் சாலையில் கொள்கலன் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. ஒவ்வொரு சிவப்பு விளக்கிலும் பிரஷாந்தி கடிகாரத்தைப் பார்த்தாள். வேன் கிளம்பிவிட்டால் அவன் எங்கே போனான் என்று யாரிடம் கேட்பது? தினமும் ஒரே வரி எழுதுகிறவனிடமா?

பேருந்து நிலையத்துக்கு வெளியே, வாடகைக் கார்கள் நிற்கும் இடத்துக்கு அப்பால், வெள்ளை வேன் நின்றது. கண்ணாடியெல்லாம் கறுப்பு. பத்தடி தள்ளி, தோளில் பையோடு ஸ்ரீகரன். பக்கத்தில் தவமணி, கையில் அவனுக்குக் கட்டிய சோற்றுப் பொட்டலம்.

பிரஷாந்தி ஓடினாள்.

"ஸ்ரீ, ஏறாத!"

"ஆரம்பிச்சிட்டியா? அம்மா, பாருங்கம்மா இவள!"

"வாசு வீட்டுக்குப் போயிட்டு வரேன். அவங்கம்மாவுக்குப் படிக்கத் தெரியாதுன்னு ஒனக்குத் தெரியும்ல? அவங்களுக்கு அவன் வாய்ஸ் அனுப்பல. எழுதுறான். தெனமும் அதே வரி."

ஸ்ரீகரனின் முகத்தில் ஏதோ ஓடியது. உடனே உதறிக்கொண்டான். "லைன் சரியில்லாத எடமா இருக்கும்."

"இருக்கட்டும். நான் தப்பாவே இருந்துட்டுப் போறேன். ஒண்ணு மட்டும் செய். உன்ன வேலைக்கு எடுத்த அந்த ஏஜெண்டக் கூப்பிட்டு உங்க வேலையப் பத்தி ஒரு கேள்வி கேளு. உங்க ஆபீஸ்ல டீ கலக்குற ஆளுக்குக்கூடத் தெரியுற மாதிரி ஒரு கேள்வி. சரியாச் சொல்லிட்டான்னா நானே உன் பேக்கத் தூக்கி வேன்ல வெக்கிறேன்."

"கேட்டுடுப்பா. அவ வாய மூடலாம்" என்றாள் தவமணி.

ஸ்ரீகரன் கண்ணை உருட்டிவிட்டு எண்ணை அழுத்தினான். ஒலிபெருக்கியைப் போட்டான்.

"சொல்லு தம்பி, ஏறியாச்சா?" நல்ல தமிழ்க் குரல், உறவுக்காரனைப் போல.

"ஏறப்போறேன் அண்ணே. ஒரு டவுட். அங்க நாம கிளந்தான் ஒரிஜின்தானே யூஸ் பண்றோம்?"

இந்த இடத்தில் ஒரு சின்ன விளக்கம். நிலத்தை அளப்பதென்றால் எங்கிருந்தாவது அளக்கத் தொடங்க வேண்டும். அந்தத் தொடக்கப் புள்ளிக்குத்தான் ஒரிஜின் என்று பெயர். தீபகற்பத்தில் எல்லா ஊருக்கும் ஒரே புள்ளி கிடையாது. பினாங்கு அளவுகள் டவுனில் கடலோரக் கோட்டையிலிருந்து தொடங்குகின்றன. கிளந்தானுக்கு அங்கேயே ஒரு குன்று. இங்கே பழகியவன் அங்கே போனால் முதல் நாளே கேட்க வேண்டிய கேள்வி இது. சர்வே அலுவலகத்தில் இருக்கிற யாரும் யோசிக்காமல் பதில் சொல்வார்கள்.

ஏஜெண்டும் யோசிக்கவில்லை.

"ஆமாமா தம்பி, ஒரிஜினல்தான். போட்டோஸ்டேட்லாம் வேலைக்கு ஆகாது. பாஸ்போர்ட் ஒரிஜினலக் கொண்டாந்துடு. டிரைவர் கையில குடுத்துடு, அவன் பத்திரமா வெச்சிக்குவான்."

ஸ்ரீகரன் தோளிலிருந்து பையை இறக்கினான்.

"கிளந்தானுக்கு எதுக்கு அண்ணே பாஸ்போர்ட்?"

அதே அன்பான குரல். "பக்கத்துல யாரு தம்பி இருக்கா?"

பிரஷாந்தி போனைப் பிடுங்கி அணைத்தாள்.

அடுத்த மூச்சில் வேன் ஓட்டுநரின் போன் ஒலித்தது. அவன் காதில் வைத்துக் கேட்டான். பேசவில்லை. அவர்கள் மூவரையும் பார்த்தான். கதவைத் திறந்து இறங்கினான்.

"அக்கா, வர்றான்" என்றான் ஸ்ரீகரன். ஐந்து வருடம் பாம்பும் பன்றியும் திரியும் புதரில் வேலை பார்த்தவன். குரல் சின்னப் பையனைப் போலக் கேட்டது.

"உள்ள போ. கூட்டத்துக்குள்ள போ."

தவமணி போகவில்லை. முப்பது வருடம் தபால் அலுவலகக் கவுண்டரில் உட்கார்ந்தவள் அவள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வரிசையில் கடைசியில் நிற்கிறவனுக்கும் கேட்கும் குரல். போனைக் காதில் வைத்துக்கொண்டு, வேனின் எண்ணை ஒவ்வோர் எழுத்தாக, மலாயில் உரக்கச் சொல்லத் தொடங்கினாள். "ஆமாம் இன்ஸ்பெக்டர், வெள்ளை வேன். எழுதிக்கிட்டீங்களா? இன்னொரு தடவ சொல்றேன்..."

வாடகைக் கார் ஓட்டுநர்கள் திரும்பிப் பார்த்தார்கள். இருவர் எழுந்து நின்றார்கள். வேன்காரன் நடுவழியில் நின்றுவிட்டான்.

அப்போதுதான் பிரஷாந்தி பார்த்தாள். கூட்டத்துக்குள் போ என்று அவள் சொல்லியும், ஸ்ரீகரன் வேனின் மறுபக்கம் போய் ஜன்னலைத் தட்டிக்கொண்டிருந்தான். உள்ளே இரண்டு பேர் இருந்தார்கள்.

"உங்களுக்கும் டைப்பிங் டெஸ்ட் வெச்சாங்களா?" என்று மலாயில் கேட்டான்.

ஜன்னலோரம் இருந்த பெண் தலையசைத்தாள். துறைமுகத்தில் குமாஸ்தா வேலை என்று சொன்னார்களாம். எந்தத் துறைமுகம் என்று கேட்டால், போன பிறகு சொல்வார்களாம். அவள் பெயர் காமாரியா. ஸ்ரீகரன் முழுதாகச் சொல்லி முடிப்பதற்குள் பையை அணைத்துக்கொண்டு குதித்துவிட்டாள். பின் இருக்கையில் இருந்த இளைஞன் காதிலிருந்து இயர்போனை எடுத்து ஒரு கணம் கேட்டான். பிறகு கையை வீசி, போ போ என்று சைகை செய்து, கதவை அவனே இழுத்துச் சாத்தினான்.

ஓட்டுநர் ஓடிவந்து ஏறினான். வேன் கிளம்பிப் போய்விட்டது.

"அம்மா, எந்த இன்ஸ்பெக்டர்கிட்ட பேசுனீங்க?"

"யாருகிட்டயும் இல்லடி. போன்ல சார்ஜே இல்ல" என்று சொல்லிவிட்டுத் தவமணி சோற்றுப் பொட்டலத்தோடு தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

போலீஸ் நிலையத்தில் புகாரை உடனே எழுதிக்கொண்டார்கள். வேன் எண்ணைத் தாய்லாந்து எல்லைச் சாவடிகளுக்கு அனுப்பினார்கள். வயதான சார்ஜெண்ட் ஒருவர் ஸ்ரீகரனுக்குத் தேநீர் கொடுத்துப் பொறுமையாக விளக்கினார். விளம்பரத்தில் எந்த வேலையின் பெயர் இருந்தாலும் உள்ளே ஒரே வேலைதான். எல்லைக்கு அப்பால் ஒரு கட்டடம், வரிசையாகக் கம்ப்யூட்டர். முன்பின் தெரியாதவர்களிடம் நட்பாகப் பேசி, காதலாகப் பேசி, அவர்கள் சேமிப்பைப் பறிக்க வேண்டும். விடிய விடிய எழுதிக்கொண்டே இருக்க வேண்டும். மறுத்தால் அடி.

அதற்குத்தான் நாற்பது சொல்.

வாசுவைப் பற்றியும் சொன்னார்கள். சார்ஜெண்ட் நெற்றியைத் தேய்த்தார். வளர்ந்த ஆள், விருப்பப்பட்டுப் போனவன், தினமும் நலமாக இருக்கிறேன் என்று எழுதுகிறான். அவன் ஆபத்தில் இருக்கிறான் என்பதற்கோ, எழுதுவது அவன் இல்லை என்பதற்கோ கையில் ஏதாவது சான்று இருந்தால் கொண்டு வாருங்கள், மேலே உடனே அனுப்புகிறேன் என்றார். அவர் சொன்னதும் நியாயம்தான்.

புக்கிட் மெர்தாஜாமுக்குக் கார் திரும்பியபோது, புகார் கொடுக்கக் கூடவே வந்த காமாரியா முன்னிருக்கையில் இருந்தாள். ஸ்ரீகரன் பின்னிருக்கையில் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

"அவன நேராக் கேக்க முடியாது. பக்கத்துல நின்னு படிப்பானுங்க" என்றாள் பிரஷாந்தி. "அவன் மட்டும் சொல்லக்கூடிய பதிலா இருக்கணும். மத்தவனுக்கு அது கேள்வின்னே தெரியக்கூடாது."

கோயிலடித் திருப்பம் தாண்டியதும் ஸ்ரீகரன் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"இருக்குக்கா. ஒண்ணு இருக்கு."

சர்வே வேலையில் ஒருவன் மிஷினிடம் நிற்பான். இன்னொருவன் தூரத்தில், உச்சியில் கண்ணாடி வைத்த ஒரு கோலைப் பிடித்துக்கொண்டு நிற்பான். மிஷின் அந்தக் கண்ணாடியைப் பார்த்துத்தான் தூரத்தை அளக்கும். கோல் சாய்ந்திருந்தால் அளவு தப்பு. சாய்வைக் காட்டக் கோலின் நடுவில் ஒரு சின்ன நீர்க்குமிழி உண்டு. குமிழி வட்டத்துக்குள் நின்றால் கோல் நேர். மிஷினில் நிற்கிறவன் வாக்கி-டாக்கியில் கேட்பான், "நிமிந்துச்சா?" எல்லாரும் ஓகே என்பார்கள். வாசு மட்டும் சேர்ந்த நாள் முதல் அந்தக் குமிழியைக் கப்பல் என்றுதான் சொல்வான். ஹைதர் எத்தனை தடவை திட்டியும் மாறவில்லை. குமிழி வட்டத்தில் நின்றால், "கப்பல் நிக்குது." நிற்காவிட்டால், அளக்காதே என்று அர்த்தம், "கப்பல் ஆடுது."

வடிவம்மாள் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். நாலு பேராக வந்ததைப் பார்த்ததும் எதுவும் கேட்காமல் போனை நீட்டினார். காமாரியா அவருக்குப் பக்கத்தில் போய் அவர் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

ஸ்ரீகரன், தாய் கேட்பதைப் போலவே, வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே அடித்தான். *முதுகு வலி எப்படிப்பா இருக்கு? நிமிந்துச்சா?*

அனுப்பினான். போனை மேசையில் வைத்தான்.

"ஏம்மா இப்படிக் கேட்டிருக்கான்? எம் மவனுக்கு முதுகுல ஒண்ணும் இல்லியே" என்றார் வடிவம்மாள்.

பிரஷாந்தி அவர் கைகளைப் பிடித்துக்கொண்டு நிதானமாகச் சொன்னாள்:

"பதில் வரும் ஆன்ட்டி. நான் படிச்சுச் சொல்றேன். கப்பல் நிக்குதுன்னு வந்தா, அது வாசு, நல்லா இருக்கான். கப்பல் ஆடுதுன்னு வந்தா, அது வாசு, ஆபத்துல இருக்கான். கப்பலே வரலேன்னா, எழுதுறது வாசு இல்ல."